செடியைப் பார்க்க முன் கிணற்றைப் பாருங்கள்: வடக்கின் வீட்டு வளவுகளுக்கான பூச்செடிகள்

ஓகஸ்ட் மாதம் நல்லூர்த் திருவிழாக் கடைத்தெருவில் வளையலுக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் நடுவே பூக்கன்றுகளும் விற்பனைக்கு வரும். கறுப்புப் பொலித்தீன் பையில், குட்டையாக, கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும். வாங்கிப் போகிறவர்களில் பலர் அந்தப் பூவை இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. கன்று சரியில்லை என்று விற்றவரைத் திட்டுவார்கள், அல்லது தங்களுக்குக் கைராசி இல்லை என்று நொந்துகொள்வார்கள். பெரும்பாலும் இரண்டும் காரணமல்ல. ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈரவலயத்தில், நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த ஒரு செடியை, சோளகக் காற்று அடிக்கும் வரண்ட மாதமொன்றில், சுண்ணாம்புக் கல்லின் மேல் படிந்திருக்கும் மண்ணில் கொண்டுபோய் வைக்கிறோம். அது வாடாமல் நின்றால்தான் அதிசயம்.

‘எந்த மண்ணுக்கும் தாங்கும்’ என்பது பூக்கன்று வியாபாரத்தில் அடிக்கடி கேட்கும் வார்த்தை. அப்படி எல்லாவற்றையும் தாங்கும் செடி என்று ஒன்றில்லை. ஒரு செடி வெயிலைத் தாங்கும், உப்பைத் தாங்காது. இன்னொன்று உப்பைத் தாங்கும், வெள்ளம் நின்றால் ஒரு கிழமையில் வேரழுகும். மூன்றாவது எல்லாவற்றையும் தாங்கும், ஆடு கடித்தால் போய்விடும். ஆகவே கடைக்குப் போக முன் நம்முடைய வளவு ஒரு செடியிடம் எதையெல்லாம் தாங்கச் சொல்லிக் கேட்கப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இதில் எவரும் அதிகம் கேட்காத கேள்வி ஒன்றும் உண்டு: அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போவது யார்? பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்க, எழுபது வயதைத் தாண்டிய அம்மா மட்டும் இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். பூட்டிக் கிடந்து, மாதத்துக்கு ஒரு தடவை உறவினர் வந்து கூட்டிவிட்டுப் போகும் வீடுகளும் உண்டு. அந்த வீடுகளுக்குப் பூச்செடி தேர்வது அழகு பற்றிய விடயம் மட்டுமல்ல. தவறான செடி ஒரு வயோதிபருக்கு நாளாந்த வேலையாகிவிடும்.

கிணறு சொல்வது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறுகூட மாரியில் மட்டும் ஓடுகிறது. ஆண்டுக்குக் கிடைக்கும் சுமார் 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழையில் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உவர்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. புத்தூரை அண்டிய நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கண்ட சாட்சி. மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு. நமது வீட்டுக் கிணறுகளிலும் நடப்பது இதுதான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நன்னீர்ப் படலம் மெலிந்து கீழிருக்கும் உப்பு மேலே வருகிறது. இந்தப் பின்னணியில், கோடையில் தினமும் மோட்டர் போட்டு நனைக்க வேண்டிய செடிகளை வாங்கி முற்றம் நிறைய வைப்பதும், அதற்கு மேல் புல்தரையும் பதிப்பதும் எனக்கு நியாயமாகப் படவில்லை.

கிணற்று நீர் உப்பா என்று அறிய நாக்கே போதும் என்று நினைக்கிறோம். ஆனால் நாக்குக்குத் தெரிய முன்னரே செடிக்குத் தெரிந்துவிடும். முற்றிய இலைகளின் நுனியும் ஓரமும் கருகிக் கபில நிறமாக வருவது உப்பின் முதல் அடையாளம். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் கட்டணம் செலுத்தி நீரைப் பரிசோதிக்கலாம். மாரி முடிந்த கையோடு சோதித்துவிட்டு நல்ல தண்ணீர் என்று இருந்துவிடக்கூடாது. ஓகஸ்ட், செப்ரெம்பரில் கிணறு வற்றிக் கிடக்கும்போது எடுத்த நீர்தான் உண்மையைச் சொல்லும்.

தீவகத்திலும், வடமராட்சியின் கரையோரங்களிலும், நாவற்குழி போன்ற களப்பை அண்டிய பகுதிகளிலும் இருப்பவர்கள் ரோசாவையும் எக்சோராவையும் நிலத்தில் வைப்பதை மறந்துவிடுவது நல்லது. கடதாசிப்பூ, அலரி, தேமா, பட்டிப்பூ ஆகியவை ஓரளவு உவரிலும் நிற்கும். தண்ணீர் கொஞ்சம் கரிக்கும் இடங்களில் தினமும் மாலையில் சிறிது சிறிதாகத் தெளிப்பது பலருடைய வழக்கம். இது செடிக்கு நல்லதுபோலத் தெரிந்தாலும் தீமையே செய்கிறது. தெளித்த நீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் மேல்மண்ணில் தங்கும். கிழமைக்கு ஒருமுறையோ இருமுறையோ, வேருக்குக் கீழே இறங்கும் வரை நிறைய ஊற்றினால் உப்பும் நீரோடு கீழே போய்விடும். இலையில் படாமல் அடியில் ஊற்ற வேண்டும்.

மஞ்சளாகும் எக்சோரா

வலிகாமத்துச் செம்மண் வீடுகளில் திரும்பத் திரும்பக் காணும் ஒரு காட்சி இது. மதிலோரம் வரிசையாக நட்ட எக்சோரா, முதல் வருடம் செக்கச் செவேலென்று பூக்கும். இரண்டாம் வருடம் தளிர் இலைகள் மஞ்சளாகும். மூன்றாம் வருடம் இலை வெளுத்து, பூ ஒன்றிரண்டாகி, செடி ஒரே உயரத்தில் நின்றுவிடும். பசளை போதவில்லை என்று யூரியா போடுவார்கள். பலன் இருக்காது.

எக்சோரா வேறு யாருமல்ல, நமது வெட்சிதான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளரும் செடி. ஆநிரை கவரப் போன வீரர்கள் சூடிய பூ என்று தொல்காப்பியத்தில் ஒரு திணைக்கே பெயர் கொடுத்தது. ஆனால் அது விரும்புவது சற்று அமிலத்தன்மையுள்ள மண்ணை. நமது மண்ணின் அடியில் இருப்பதோ சுண்ணாம்புக் கல். அத்தகைய காரமண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாத வடிவத்தில் பூட்டிக் கிடக்கும். பிள்ளைக்கு முன்னால் பூட்டிய பெட்டியில் சோற்றை வைத்த மாதிரி. இரும்பு இல்லாவிட்டால் பச்சையம் உருவாகாது.

இதைக் கண்டுபிடிப்பது இலகு. மஞ்சளானது எந்த இலை என்று பாருங்கள். அடியிலுள்ள பழைய இலைகள் முழுதாக மஞ்சளானால் நைதரசன் பற்றாக்குறை. எருவோ பசளையோ போட்டால் சரிவரும். நுனியிலுள்ள இளம் இலைகள், நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புப் பற்றாக்குறை. அதற்கு யூரியா மருந்தல்ல. சாம்பல் போடுவது இன்னும் மோசம், சாம்பலும் காரமே. இலைக்கு இரும்புக் கரைசல் தெளித்தால் சில கிழமைகளுக்குப் பச்சை திரும்பும், பிறகு பழைய கதைதான். புது வீடுகளில் நிலைமை இன்னும் கடினம். கட்டட வேலையில் மிஞ்சிய சீமெந்தும் சுண்ணாம்புக் கட்டிகளும் மதிலோரத்திலேயே புதைக்கப்படுகின்றன. நாம் பூச்செடி நடுவதும் அங்கேதான்.

எக்சோரா இல்லாமல் மனம் ஆறாதவர்கள் பெரிய சாடியில், இலைமக்கும் தும்புத்தூளும் கலந்து வைக்கலாம். ஆனால் சாடிக்கும் கிணற்று நீரைத்தான் ஊற்றுவோம், அந்த நீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படலத்தைப் பார்த்தால் புரியும். இரண்டு மூன்று வருடத்தில் சாடி மண்ணும் காரமாகிவிடும். மாரியில் பீலித் தண்ணீரைத் தாங்கியில் பிடித்து வைத்து அந்தச் சாடிகளுக்கு மட்டும் ஊற்றுகிறவர்களின் எக்சோரா பச்சையாக இருக்கும். தாங்கியை வலையால் இறுக்கி மூட வேண்டும், சாடிக்குக் கீழே தட்டு வைக்கவும் கூடாது. 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். நுளம்புக்குப் பூச்சாடித் தட்டில் நிற்கும் தண்ணீரே போதும்.

பட்டினி போட்டால் பூக்கும் செடி

இதற்கு நேர்மாறானது கடதாசிப்பூ. போகன்வில்லா என்ற பெயர் 1760களில் உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கடலோடியின் பெயர். அவருடைய பயணத்தில் பிரேசிலில் வைத்துத்தான் இந்தச் செடி ஐரோப்பியத் தாவரவியலாளரின் கண்ணில் பட்டது. நமக்குக் கடதாசிப்பூ என்பதே பொருத்தம். நாம் பூ என்று நினைக்கும் வண்ணத்தாள் உண்மையில் இலைதான். நடுவில் சிறிதாக வெள்ளையாக நிற்பதே பூ. இலை என்பதால்தான் அது வெயிலில் வாடாமல் வாரக்கணக்கில் நிற்கிறது.

பூக்கவில்லை என்று இந்தச் செடிக்குத் தண்ணீரும் எருவும் கூட்டுகிறவர்கள் அதிகம். அது நன்றியோடு இலையும் முள்ளும் விடும், பூக்காது. மண் காய்ந்து இலை இலேசாகத் துவளும் வரை விட வேண்டும். பிறகு ஒரு தடவை நிறைய ஊற்றினால் இரண்டு மூன்று கிழமையில் நிறம் பிடிக்கும். அதனால்தான் யாருமில்லாத வீடுகளின் படலையில் அது அவ்வளவு செழிப்பாகப் பூத்துக் கிடக்கிறது. முழு வெயில் வேண்டும். பூப்பது புதுக் கிளையில் என்பதால், ஒரு பூப்பு முடிந்ததும் கிளைகளை வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் விட்டால் மின்கம்பி வரை ஏறிவிடும், அதன்பிறகு இறக்குவது முள்ளோடு போராட்டம். இதன் முள்ளை நம்பி வேலி அடைக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: மாடு பின்வாங்கும், ஆடு பின்வாங்காது. முள்ளுக்கு நடுவே இருக்கும் இலையை அது பொறுமையாகப் பொறுக்கித் தின்னும்.

கடதாசிப்பூவில் ஒரு குறை. சாமிக்கு வைக்க மாட்டார்கள். வாசம் இல்லை, பூசைப் பூக்களின் வரிசையிலும் அது இல்லை. விடியக் காலையில் பூத்தட்டோடு முற்றத்துக்கு இறங்கும் வீடுகளில், வீதிக்குக் காட்டக் கடதாசிப்பூவும் சாமிக்கு வேறு செடிகளும் தேவைப்படுகின்றன. தென்னிலங்கைப் பாணியில் அமைக்கப்படும் நவீன ‘லான்ட்ஸ்கேப்’ முற்றங்கள் இந்த இரண்டாவது தேவையைக் கணக்கில் எடுப்பதேயில்லை.

ஆடு கடிக்காததன் காரணம்

பூசைக்கும் ஆகி, வரட்சியையும் உப்பையும் காற்றையும் தாங்கி, ஆடு மாடும் தொடாத ஒரு செடியைச் சொல் என்றால் யாரும் முதலில் சொல்வது அலரி. நியாயமான பதில். அதன் இலையின் அடிப்புறத்தில் சிறு குழிகள் உண்டு. இலை மூச்சுவிடும் துளைகள் அந்தக் குழிகளுக்குள், மயிரிழைகளால் மூடப்பட்டு ஒளிந்திருக்கின்றன. காற்று அடித்தாலும் ஈரம் எளிதில் போகாது. சோளகம் நேரே தாக்கும் தென்மேற்கு மூலைக்கு இதைப்போல ஒரு மறைப்பு கிடைப்பது கடினம்.

கட்டாக்காலி மாடுகள் அதைத் தொடாததன் காரணம் வேறு. அலரியின் இலை, தண்டு, பூ, விதை எல்லாமே இருதயத்தைத் தாக்கும் நஞ்சு. செவ்வலரி, வெள்ளை அலரி, கூம்பு வடிவில் மஞ்சளாகப் பூக்கும் மஞ்சள் அலரி மூன்றும் அப்படித்தான். பச்சை இலையின் கசப்பைக் கண்டு விலகும் ஆடு, வெட்டிப் போட்டு வாடிய இலையைத் தின்றுவிடக்கூடும். காய்ந்தாலும் நஞ்சு குறையாது. கத்தரித்த கிளைகளை வேலிக்கு வெளியே எறிவது அயல்வீட்டாரின் ஆட்டைக் கொல்லும் காரியம். எரிக்கவும் கூடாது, புகையும் கெடுதல். ஆழமாகப் புதைக்க வேண்டும்.

மஞ்சள் அலரி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் நச்சு ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக முதலில் கவனத்துக்கு வந்தது 1980களின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தில்தான். பின்னர் நாட்டின் ஏனைய பகுதிகளிலும், குறிப்பாக உலர்வலய வைத்தியசாலைகளில், அதனால் பாதிக்கப்பட்டவர்கள் பெருமளவில் அனுமதிக்கப்பட்டார்கள். தெரியாமல் வாயில் வைத்த சிறுவர்கள் ஒருபுறம். ஒரு கணத்து மனக்கொதிப்பில் உயிரைப் பணயம் வைத்த இளையோர் மறுபுறம். எதிர்மருந்து உண்டு. ஆனால் விலை மிக அதிகம், எல்லா இடத்திலும் எந்நேரமும் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. கொடிய பூச்சிநாசினிகளை 1990களில் படிப்படியாகத் தடைசெய்த பின் இந்த நாட்டில் தற்கொலை வீதம் குறைந்தது என்பது உலகளவில் பேசப்பட்ட அனுபவம். கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்து இல்லாதபோது அந்தக் கணம் கடந்து போய்விடுகிறது. ஆகவே என் நிலைப்பாடு சற்றுக் கடுமையானது. எவ்வளவு தாங்கினாலும், எவ்வளவு பூத்தாலும், குடியிருக்கும் வளவில் மஞ்சள் அலரி வேண்டாம். ஏற்கெனவே நிற்பதை வேரோடு எடுத்துவிடலாம். செவ்வலரியும் வெள்ளை அலரியும் வைத்தே ஆகவேண்டுமென்றால், சிறுபிள்ளைகள் இல்லாத வீட்டில், முற்றத்தைவிட்டு விலகி, எல்லைக் காற்றுமறைப்பாக மட்டும்.

யாராவது தவறுதலாக உட்கொண்டிருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸ் வரும். மனம் தாங்க முடியாத பாரத்தோடு இருப்பவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

விறாந்தைப் படிகளில் இப்போது அதிகம் காணப்படும் அடீனியமும் அலரியின் உறவுதான், அதே வகை நஞ்சு. அடி பருத்து, அழகாக, கிழமைக்கொரு கோப்பைத் தண்ணீரில் வாழும். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் அதன் இடம் படியல்ல, உயரமான திண்ணை.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடலாம். சிங்களத்தில் ‘அரலிய’ என்றால் கோயில்களிலும் விகாரைகளிலும் நிற்கும் தேமா. அலரியைக் ‘கனேரு’ என்பார்கள். கொழும்பில் பிரதமரின் உத்தியோகபூர்வ இல்லம் ஆங்கிலத்தில் ‘டெம்பிள் ட்ரீஸ்’, அதாவது தேமா மரங்கள். தமிழில் அது ‘அலரி மாளிகை’ ஆகிவிட்டது. தமிழ் அகராதிகளில் தேமாவுக்கு ‘ஈழத்தலரி’ என்றொரு பெயர் இருக்கிறது, மரமோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. தெற்கிலிருந்து வரும் வியாபாரியிடம் கன்று கேட்கும்போது பெயரை நம்பாமல் இலையையும் பூவையும் பார்த்து வாங்குங்கள்.

பழைய முற்றத்து ஆட்கள்

போருக்கு முந்திய வளவுகளில் வேலியே ஒரு பூந்தோட்டமாக இருந்தது. கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்கள். உள்ளே செவ்வரத்தையும் நந்தியாவட்டையும். கிணற்றடியில் வாழையும் மல்லிகையும். குளித்த தண்ணீர் வாய்க்காலால் ஓடி அவற்றுக்குப் போகும். திரும்பி வந்து கட்டிய வீடுகளில் வேலியின் இடத்தில் மதில், முற்றத்தின் இடத்தில் இன்ரர்லொக் கல். கல் பகலில் சூடேறி இரவிலும் அனலைக் கக்குகிறது. ஓரத்தில் வைத்த செடி இரண்டு பக்கமும் வேகும். அந்தக் கல்லின் மேல் விழும் மாரி மழை கிணற்றுக்கும் போகாமல் வீதிக்கு ஓடுகிறது. செடி தேர்வதற்கு முன் மதிலோரம் மூன்று நான்கு அடி அகல மண்ணையாவது கல் பதிக்காமல் விட்டுவைக்கச் சொல்லி மேசனிடம் சொல்ல வேண்டும்.

செவ்வரத்தையில் ஒற்றை அடுக்குச் சிவப்பு ஊர்ச் செடிதான் தாங்கும். பெரிய பூவாகப் பல நிறத்தில் வரும் கலப்பினங்கள் நமது மண்ணில் எக்சோரா மாதிரியே மஞ்சளாகும். வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டும் மாவுப்பூச்சி இதன் பெரிய எதிரி. 2008இல் நாட்டுக்குள் வந்த பப்பாசி மாவுப்பூச்சி செவ்வரத்தையையும் தேமாவையும் விட்டுவைக்கவில்லை. ஆரம்பத்திலேயே குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவி, முற்றிய நுனிகளை வெட்டிப் புதைத்தால் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது. எறும்பு ஏறுவதைத் தடுக்கவும் வேண்டும், பூச்சியைக் காவிக்கொண்டு போவதும் காப்பதும் எறும்புதான். ஆட்டுக்கு இது விருப்பமான உணவு. வன்னியில் குரங்குத் தொல்லை உள்ள இடங்களில் மொட்டுக்கூட மிஞ்சாது.

ஒரேயொரு செடிதான் வைக்க இடமுண்டு என்றால் நான் சொல்வது நந்தியாவட்டை. பளபளப்பான இலை, வருடம் முழுவதும் வெள்ளைப் பூ, அரை நிழலிலும் வளரும், கத்தரித்தால் வேலியாகவும் நிற்கும். பால் உள்ள செடி என்பதால் ஆடு பெரும்பாலும் விட்டுவிடும். அடுக்கு நந்தியாவட்டையைவிட ஐந்து இதழ் ஒற்றைப் பூச்செடி வரட்சியில் நன்றாக நிற்கும் என்பது என் அவதானிப்பு. அதன் பாலும் கண்ணில் படக்கூடாது, வாயில் வைக்கவும் கூடாது. ஆனால் அலரியோடு ஒப்பிடும் ஆபத்து இல்லை.

பவளமல்லிகை, மயிற்கொன்றை இரண்டும் விதையிலிருந்தே வரும். மயிற்கொன்றை நட்ட முதல் வருடமே பூக்கும், மூன்று நான்கு வருடத்தில் அடிப்பக்கம் வெறுமையாகிவிடும். ஒவ்வொரு மாரிக்கும் முன்னர் முழங்கால் உயரத்துக்கு வெட்டினால் புதிதாகத் தளிர்க்கும். பட்டிப்பூவை யாரும் மதிப்பதில்லை, சுடலையோரமும் முளைக்கும் என்பதால் வீட்டுக்கு ஆகாது என்பவர்களும் உண்டு. புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்ரின், வின்பிளாஸ்ரின் மருந்துகள் இந்தச் செடியிலிருந்து வந்தவை. கடற்கரை மணலில், கவனிப்பே இல்லாமல் பூக்க இதைவிட எளிய செடி கிடைக்காது. பெரிய செடிகளின் அடியில் வெறும் மண்ணை மூட உதவும்.

எந்தக் கடையிலும் விற்காத இரண்டு செடிகள் என் பட்டியலில் உள்ளன. ஒன்று ஆவரசு. கரையோரப் பற்றைகளில் தானாக நின்று, பொன் நிறத்தில் பூத்துக் குலுங்கும். சிங்கள மக்கள் இதன் பூவை ‘ரணவரா’ என்று தேநீராக அவித்துக் குடிக்கிறார்கள். ஆழமாக வேர்விடும், உப்புக் காற்றைப் பொருட்படுத்தாது. மற்றது நொச்சி. ஊதாநிறச் சிறு பூக்கள், தடிமனுக்கு ஆவி பிடிக்க இலை, கதியால் போல நட்டாலே தளிர்க்கும் தண்டு. இவற்றைக் காசு கொடுத்து வாங்க முடியாததால்தான் இவை அலங்காரச் செடிகளாக நம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று நினைக்கிறேன்.

தாங்குவதிலும் ஓர் எல்லை உண்டு. நாயுண்ணி 1826இல் பேராதனைத் தாவரவியல் பூங்கா வழியாக இந்த நாட்டுக்கு அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்டது. எதையும் தாங்கியது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, இன்று உடவளவை தேசியப் பூங்காவில் யானைகளின் புல்வெளியை மூடிக் கிடக்கிறது. அதைத் தின்ற மாடுகளுக்கு வெயிலில் தோல் வெந்து, ஈரல் பாதிக்கும். நிறம் நிறமாகக் குட்டையான நாயுண்ணிக் கன்றுகள் இப்போதும் கடைகளில் ‘லன்டானா’ என்ற பெயரில் விலைப்படுகின்றன. வன்னியில் காட்டோரம் வீடுள்ளவர்கள் அதை வாங்கக்கூடாது.

எப்போது, எப்படி

நடுகைக்குரிய காலம் ஐப்பசி, கார்த்திகை. கார்த்திகையை மரநடுகை மாதமாக வட மாகாண சபை அறிவித்ததும் அந்தக் கணக்கில்தான். ஐப்பசியில் வைத்த செடிக்கு, பங்குனி வெயில் வர முன் வேரிறக்க நான்கைந்து மாதம் கிடைக்கும். திருவிழாவில் வாங்கியே ஆகவேண்டுமென்றால் பையோடு நிழலில் வைத்து, நாளுக்கு ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் என்று வெயிலுக்குப் பழக்கி, மழை பெய்த பிறகு நிலத்துக்கு மாற்றலாம். வாங்கும்போது பூவைப் பார்க்க வேண்டாம். பையின் அடியைப் பாருங்கள். வேர் வட்டமாகச் சுருண்டு வெளியே வந்திருந்தால் அந்தக் கன்று பையிலேயே கிழடாகிவிட்டது. பூவில்லாத, கிளைத்த, குட்டையான கன்றே நல்லது.

குழி இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். கல் வந்தால் அலவாங்கால் உடைத்தாவது இறக்க வேண்டும், கல்லின் மேல் வைத்த செடி ஒரு கோடையைத் தாண்டாது. அடியில் பொச்சுமட்டையைக் குழிவுப்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மேல்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். மட்டை மாரி ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்து வேருக்குக் கொடுக்கும். தென்னைக்குச் செய்யும் பழைய வேலைதான். தாழ்வான, வெள்ளம் நிற்கும் வளவில் குழிக்குப் பதில் ஓரடி மேடு கட்டி அதில் நடவேண்டும். கடதாசிப்பூவையும் அடீனியத்தையும் வரட்சி கொல்வதைவிட மார்கழி வெள்ளம் கொல்வதே அதிகம்.

எந்தத் தாங்கும் செடிக்கும் முதல் கோடையில் தண்ணீர் வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. கிழமைக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஒரு வாளி, அடியைச் சுற்றி நான்கு விரல் தடிப்புக்குக் காய்ந்த இலை அல்லது பனையோலைத் துண்டு. இரண்டாம் கோடையில் அதைக் கிழமைக்கு ஒன்றாக்கலாம். மூன்றாம் கோடையில் நந்தியாவட்டைக்கும் செவ்வரத்தைக்கும் பதினைந்து நாளுக்கு ஒன்று போதும். ஆவரசு, நொச்சி, கடதாசிப்பூ கேட்கவே கேட்காது. உடுப்புத் தோய்த்த சவர்க்காரத் தண்ணீரைச் செடிக்கு விடவேண்டாம், அதில் சோடியம் உண்டு. அரிசி கழுவிய தண்ணீர், மரக்கறி கழுவிய தண்ணீர் தாராளமாக விடலாம்.

கன்றுக்குக் காசு செலவழிக்காமலும் இதைத் தொடங்கலாம். செவ்வரத்தை, நந்தியாவட்டை, கடதாசிப்பூ, நொச்சி எல்லாம் தடியில் வரும். அதே ஊரில், அதே தண்ணீரில் பத்து வருடம் தாக்குப்பிடித்து நிற்கும் செடியிலிருந்து எடுத்த தடிக்கு வேறு சான்று தேவையில்லை. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் பென்சில் தடிப்பில், ஒரு சாண் நீளத்தில், முற்றிய கிளையாகப் பார்த்து வெட்டி, கீழ் முனையைச் சரிவாகச் சீவி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக ஊன்ற வேண்டும். பத்துத் தடி வையுங்கள், நான்கைந்து பிழைக்கும். துளிர் வந்துவிட்டதே என்று அவசரப்பட்டுப் பிடுங்கிப் பார்க்கக்கூடாது, துளிருக்குப் பிறகுதான் வேர் வரும். கடதாசிப்பூ இரண்டு மாதம்கூட எடுக்கும்.